கேட்காத மருந்து

"சளின்னு கடையில எதையாவது வாங்கி ஊத்தியிருப்பே. உண்மையைச் சொல்லு!"

ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்காமல் மனைவியிடம் கத்தினார் குழந்தையின் அப்பா.

நாலு மாதப் பெண் குழந்தை உள்ளே படுத்திருந்தது. ரத்தத்தில் கிருமி. ஏற்றிய மருந்து எதுவும் கேட்கவில்லை. கைக்குழந்தைக்குக் கண்ட மருந்தையும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"சத்தியமா தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு கொடுக்கலைங்க."

"புளுகாதே! நீயெல்லாம் ஒரு பெத்தவளா?"

பெஞ்சில் இருந்தவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டாக்டர் அவரை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார்.

"மருந்தை மாத்தினோம். காய்ச்சல் இறங்குது. பிழைச்சுக்குவா."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "எல்லாம் என் பொண்டாட்டியாலதான் டாக்டர். எதையோ கொடுத்து..."

"அப்படிச் சொல்லாதீங்க. மருந்தே கொடுக்காத குழந்தை வயித்துலகூட மருந்துக்கு அடங்காத கிருமி குடியேறி ரத்தத்துல கலந்துடும். பெரியவங்க கையில ஒட்டிக்கிட்டு வரும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கோழிப்பண்ணை வெச்சிருக்கேன்."

"கோழிக்கு மருந்து உண்டா?"

"சீக்கு வர்றதுக்கு முன்னாடியே தண்ணியில கலந்துடுவேன்ல!" மருந்தின் பெயரைப் பெருமையாகவே சொன்னார்.

டாக்டர் குழந்தையின் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"முதல்ல நாங்க ஏத்தினதும் அந்த வகை மருந்துதான். கேக்கலை. அதையே தினம் குடிக்கிற கோழிகிட்ட அதுக்கு அடங்காத கிருமிதான் வளரும். பண்ணையில இருந்து வந்ததும் குழந்தையைத் தூக்குவீங்களா?"

"கை கழுவக்கூடப் பொறுக்காது டாக்டர். தவமிருந்து பெத்த..."

பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது.

"உங்களாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்தம்மாவைத் திட்டாதீங்க, பாவம்."

வெளியே வந்தார். சொல்லிவிட வேண்டும். எல்லார் முன்னாலும் திட்டியதை எல்லார் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

"இங்க பாரு..." என்று ஆரம்பித்தார்.

அவள் முந்திக்கொண்டாள். அழுது அழுது குரலே போயிருந்தது.

"என்னங்க, யோசிச்சுப் பார்த்தேன். நான்தான் எங்கயோ கவனமில்லாம இருந்திருப்பேன். என்னை மன்னிச்சிடுங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"சரி, அழாதே" என்றார். "மன்னிச்சிட்டேன்."