பெரிய மானிட்டர்

திரை மறுபடியும் அணைந்தது. "ஐயோ, போட்ட பில்லெல்லாம் போச்சே!" என்று கிருஷ்ணவேணி தலையில் கை வைத்துக்கொண்டாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

கடை முதலாளி பகவதிப்பெருமாள் அண்ணாச்சிக்கு வயிறு எரிந்தது. பழவங்காடிக் கடைத்தெருவில் பாத்திரம் விற்கிற மனுஷன் அவ்வளவு அகலமான மானிட்டரை ஆசைக்கா வாங்கினார்?

மத்தியானமானால் பில் போடுகிற கிருஷ்ணவேணி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரிக்கிறாள். பில்லைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா? சீரியல்தான் ஓடுகிறது என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம். பழைய மானிட்டர் கையகலம். கல்லாவிலிருந்து பார்த்தால் ஒரு எழவும் தெரியாது. பெரிசாக ஒன்று வைத்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

பிடிக்க விட்டால்தானே! அது வந்த நாள் முதல், மத்தியானமானால் கம்ப்யூட்டரே படுத்துவிடுகிறது.

ரிப்பேர் பார்க்கிற மலையாளத்துப் பையன் வினீத் வந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். "முதலாளி, இது பழைய பெட்டியாச்சே. மானிட்டருக்குக் கரண்ட் இதோட பின்னால உள்ள பிளக்கிலிருந்துதான் போகுது. அது கொஞ்சம் லோடுதான் தாங்கும், கூடினா பெட்டி ஓஃப் ஆயிடும். சுவத்துல வேற பாயிண்ட் ஒண்ணு போட்டா மதி, வேறொண்ணும் வேண்டாம்."

"பாயிண்டா? சுவரை இடிக்கணும், வயர் இழுக்கணும்... அதெல்லாம் நடக்காது, கேட்டியா!" மேஜைக்கு இருக்கிற ஒரே பாயிண்டில் ஊரையே ஓட்டிவிடலாம் என்பது அண்ணாச்சியின் கொள்கை.

வினீத் சுவிட்சைப் போட்டான். கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடியது. வெகு நேரமாகியும் ஒரு சிணுங்கல்கூட இல்லை. "குழப்பமொண்ணும் இல்லல்லோ!" என்றான்.

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "கிருஷ்ணவேணி, தம்பிக்கு ஒரு சாயா போடு!"

சமீபமாக அவள் வீட்டிலிருந்து கரண்ட் கெட்டில் கொண்டுவந்து, மேஜைக்கடியில் வைத்து மத்தியானச் சாயாவைக் கடையிலேயே போட்டுவிடுகிறாள். வெளிச்சாயாச் செலவு மிச்சம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள்மேல் அண்ணாச்சிக்குப் பெரிய மதிப்பு.

அவள் மேஜைக்கடியில் குனிந்து, கெட்டில் வயரைப் பெட்டிப் பக்கமாக எங்கேயோ செருகிவிட்டு நிமிர்ந்தாள். திரை அணைந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி, நான் அப்பவே சொன்னேன். கிழட்டுப் பெட்டி, இம்புட்டுப் பெரிய மானிட்டரைத் தாங்குமா?"

வினீத் தலையைச் சொறிந்தான். "நேரா பாத்தா, புது மானிட்டர் பழசை விடக் கம்மி கரண்ட்தானே எடுக்கும்..."

"போடே! அண்டாவும் செம்பும் ஒரே அளவாடே தண்ணி பிடிக்கும்?" என்றார் அண்ணாச்சி. பாத்திர வியாபாரியிடம் அளவைப் பற்றி யார் பேசி ஜெயிக்க முடியும்? அன்றைக்கே பெரிய மானிட்டர் பரண் ஏறியது. பழைய மானிட்டர் மேஜைக்குத் திரும்பியது.

மறுநாள் மத்தியானம் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. கிருஷ்ணவேணி திரையைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அண்ணாச்சி கல்லாவிலிருந்து கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை.

"சிரிச்சது போதும், சாயா எங்க?" என்று எரிந்து விழுந்தார்.

"கெட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன் அண்ணாச்சி. அதோட வேலை முடிஞ்சு போச்சு."