பொன்னாத்தாள் எஞ்சினின் வயது

“இன்னுங் கொஞ்சம் கெழடு தட்டோணும் தம்பி. பார்த்தாக் கலியாணத்துக்கு நிக்கற மாதிரி இருக்குது” என்றாள் பொன்னாத்தாள்.

குமாரசாமி இன்னொரு கை செங்கல் பொடியை அள்ளி விலாவில் அப்பினான். உப்புத் தண்ணீரைத் தெளித்து, இடுக்குகளில் சாணியையும் பூசினான். ஐந்தே வயதான கார் எஞ்சின், அரை மணி நேரத்தில் பல் போன கிழவனாகிவிட்டது.

நாமக்கல் பஸ் ஷெட்டில் குமாரசாமி பேர்பெற்ற மெக்கானிக். புளியமரத்தில் மோதி நொறுங்கிய காரிலிருந்து இந்த எஞ்சினைக் கழற்றிக் கிணற்று மேட்டில் உட்கார வைத்து, சீமெண்ணெயில் தண்ணீர் இறைக்கச் செய்தவன் அவன்தான். இதை வாங்குவதற்காகப் பொன்னாத்தாள் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்த எருதுகளை விற்றிருந்தாள். எஞ்சின் நின்றால் மூன்று ஏக்கர் மஞ்சளும் கருகும்.

அது 1943. யுத்தத்துக்காகப் பட்டாளத்தார் நல்ல வண்டிகளை ஓட்டிப் போகிறார்கள் என்று பேச்சு. ஆட்டையாம்பட்டியில் ஒரு லாரியே போய்விட்டதாம். காக்கி நிஜாரும் தொப்பியுமாக ஓர் அதிகாரி தோட்டம் தோட்டமாக எஞ்சின்களைப் பார்த்து வருகிறார் என்று காதில் விழுந்ததும், குமாரசாமி அரத்தை எடுத்துக் கம்பெனிப் பெயரையும் நம்பரையும் ராவித் தள்ளிவிட்டான். புதுசு என்று தெரிந்தால்தானே தூக்கிப் போவார்கள்?

அதிகாரி சைக்கிளில் வந்து இறங்கினார். எஞ்சினை மூன்று சுற்றுச் சுற்றினார். கைக்குட்டையால் துடைத்துப் பார்த்துவிட்டு, நம்பர் எங்கே என்றார்.

“அந்தக் காலத்துல நம்பர் போடற வழக்கமே இல்லீங்க. ஒலகத்துல இருந்ததே நாலஞ்சு எஞ்சினு. பேர் சொல்லிக் கூப்புட்டுக்குவாங்க.”

எந்தக் காலம் என்று அவர் கேட்க, 1908 என்றான் குமாரசாமி, கூசாமல்.

அதிகாரிக்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருந்தது; அதுதான் வம்பு. “அப்பல்லாம் சிலிண்டரை ரெண்டு ரெண்டா வார்ப்பாங்களே. இதுல நாலும் ஒரே வார்ப்பா இருக்கே?”

“செஞ்ச தொரை கூட்டுக் குடும்பத்துல பொறந்தவருங்க. பிரிக்க மனசு வரலையாட்ட இருக்குது.”

அவர் சிரிக்கவில்லை. மணிக்கு எவ்வளவு சீமெண்ணெய் குடிக்கும், எத்தனை ஏக்கர் பாயும் என்று விசாரித்தார். பிறகு குரலைத் தணித்து, பார்த்தால் புதுசு மாதிரிதான் இருக்கிறது, 1936இல் செய்தது என்று எழுதிக்கொள்ளட்டுமா என்றார்.

ஆள் தூண்டில் போடுகிறார் என்று குமாரசாமிக்குப் பட்டது. முடியாது என்றான். சரி, முப்பத்து நாலு? அதற்கும் மனசாட்சி இடம் கொடுக்காது என்றான். மனசாட்சி என்ற சொல்லை அவன் வாயில் எடுத்தது அன்றைக்குத்தான்.

பொன்னாத்தாளும் தன் பங்குக்கு, தன் மாமியார் கல்யாணத்துக்கு வந்த காரில் இருந்த எஞ்சின் இது என்று மாரியம்மன் மேல் ஆணையிட்டாள். அந்தக் கணக்கில் எஞ்சின் போன நூற்றாண்டுக்கே போய்விடும். குமாரசாமி பலமாக இருமினான்.

அதிகாரி பெருமூச்சு விட்டு, நோட்டில் 1908 என்று எழுதி மூடினார். பொன்னாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அப்ப, பட்டாளத்துக்கு இது ஆவாதுங்களே சாமி?”

அதிகாரி அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

“பட்டாளமா? நான் சீமெண்ணெய் பெர்மிட் கொடுக்க வந்தேம்மா, பத்து வருஷத்துக்குள்ள செஞ்ச எஞ்சினுக்கு மட்டும்.”