பரீட்சை முடியட்டும்

அது 1946. கோதண்டம் திருத்தணியிலிருந்து ரயிலில் மதராஸ் போய் இங்கிலீஷ் இலக்கியம் படித்தான். பாடத்தில் ஒரு பழைய ஐரோப்பிய நாடகம். சாவு ஒருவனைக் கூப்பிட வருகிறது. அவன் தவணை கேட்கிறான். ஒரு மதியம் கோதண்டம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்த மனிதனின் பேச்சை மட்டும் உரக்கப் படித்தான். சாவின் பேச்சைக் கண்ணால் ஓட்டிக்கொண்டான்.

அம்மா கௌரியம்மாள் சோறு போடும்போது சொன்னாள்:

"நீ இங்கிலீஷ்ல கெஞ்சிகினே இருந்த. எதிர்ல உக்காந்திருந்தவரு நம்மூருத் தெலுங்குல, கெளம்புன்னு சொல்லிகினு இருந்தாரு."

"யாரும்மா?"

"நீ எங்க தலையத் தூக்கின, நைனா? நான்தான் பேசி அனுப்பினேன். புள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், நானே வரேன்னேன். சரின்னுட்டாரு."

கோதண்டத்துக்குச் சிரிப்பு வந்தது. தன் பாய்க்கு எதிரே ஒரு மணையும் தண்ணீர்ச் சொம்பும் இருந்ததை அப்புறம்தான் பார்த்தான். சொம்பு காலியாக இருந்தது.

கடைசிப் பரீட்சையன்று விடியற்காலை அவன் புறப்பட்டபோது, கௌரியம்மாள் தலைக்குக் குளித்து, மலைக்கோயிலுக்குப் போகக் கட்டும் புடவையில் இருந்தாள்.

"இன்னிக்குக் கிருத்திகையாம்மா?"

"இல்ல. இன்னியோட உனக்குப் பரீட்சை முடியுதுல்ல? சாயந்திரத்துக்கும் சோறு மூடி வெச்சிருக்கேன். நீயே போட்டுக்கோ."