கிண்ணத்தின் அடியில் இரண்டு கரண்டி

உறைபனியில் திராட்சைத் தளிர்கள் கருகிய நாளிலிருந்து, கொடிகளைப் பிடுங்கி எறியப்போவதாகச் சொல்லிக்கொண்டே பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறான் அந்தோனின். இன்று மத்தியானம் அவன் மனைவி லூசெட் பூண்டு சூப்பை முன்னால் வைக்கிறாள். "கோவம் பனி மேலயா, என் சூப்பு மேலயா?" காவோர் வட்டாரத்துக் கறுத்த ஒயின், சன்னல் வெயில் பட்ட ஓரத்தில் மட்டும் சிவக்கிறது. அவன் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுகிறான். அடியில் இரண்டு கரண்டி சூப்பு மிஞ்சும்போது அவன் கை புட்டியை எட்டுகிறது. லூசெட் மூச்சை அடக்கிக்கொள்கிறாள். மிச்ச சூப்பில் ஒயினை ஊற்றிக் கிண்ணத்தோடு குடித்தால்தான் அந்த ஊரில் ஒருவன் வயிறாரச் சாப்பிட்டதாக அர்த்தம். களுக்கென்று ஒயின் விழுகிறது. கிண்ணத்தைச் சுழற்றி, இரண்டு கையாலும் தூக்கி, மடமடவென்று குடிக்கிறான். நரைத்த மீசை சிவந்திருக்கிறது. "கருகினத வெட்டிவிட்டா அடிக்கணு துளிர்க்கும். கத்திரிக்கு எண்ணெ போடணும்டி." "பனி விழுந்த அன்னைக்கே போட்டு வச்சுட்டேன்," என்கிறாள் லூசெட்.