கவுனின் ஊதா

காணாமல் போன குழந்தையின் படம் வந்த பத்திரிகைத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருக்கிறார் அச்சகத்து மெஷின்காரர். நான்கு மைகளின் புள்ளிகள் கூடி ஊதாவாகத் தெரிகிறது கவுன். இனி அடிக்கப்போகும் நோட்டீசில் முகம் கறுப்பு மையில். கவுனுக்கு மட்டும் முன்பே கலந்து வைத்த ஒரே ஊதா மை. மை நிறங்கள் அச்சிட்ட, விசிறியாய் விரிந்த ஷேடு கார்டைப் படத்தின்மேல் கட்டம் கட்டமாக நகர்த்துகிறார். பின்னால் மெஷின் தடதடக்கிறது. "அப்படியே வராதும்மா. கிட்டத்தட்ட இதுதான்." பக்கத்தில் நிற்கும் குழந்தையின் தாய் குனிந்து பார்க்கிறாள். அவள் விரல் அந்தக் கட்டத்தைத் தாண்டி, வெளிறிய ஊதா ஒன்றில் நிற்கிறது. "இதைப் போடுங்கண்ணே." "படத்துல இவ்ளோ வெளுப்பா இல்லையேம்மா." "நாலு மாசமாச்சு. வெயில்லயும் மழையிலயும் கிடந்திருக்கும். வெளுத்திருக்கும்ல." மெஷின்காரர் அந்த வெளிறிய மையின் நம்பரை எழுதிக்கொள்கிறார்.