மூத்தவன் ஆறு கிலோ

“ரெண்டு கையாலயும் பிடிங்க சார். முதல் தடவைன்னா எல்லாருக்கும் இப்படித்தான் கை உதறும்.”

அவன் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். ஆறு கிலோ இருக்கும். எட்டு மாத வயிற்றோடு பக்கத்தில் நின்ற மனைவி பதறினாள். “ஐயோ, தலைகீழா பிடிச்சிருக்கீங்க! பல்லு உங்க பக்கம் இருக்கு!”

மொத்தம் முப்பது பல். மனிதனைவிட இரண்டு குறைவுதான், ஆனால் பெட்ரோலில் ஓடும். மரம் அறுக்கும் மெஷின்.

“கண்ணாடி, கையுறை, காதுக்கு மூடி, காலுக்குத் தடிப் பேன்ட்டு. இதெல்லாம் வேணுமா?” என்றார் கடைக்காரர்.

“மெஷின் மட்டும் போதும்.”

“எல்லாத்தையும் போடுங்க” என்றாள் அவள். “எனக்கு இவர் முழுசா வேணும்.”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கட்டினார். “இன்னொண்ணு. சும்மா கிடந்தாலே கொஞ்சம் ஆயில் ஒழுகும். ரிப்பேர்னு தூக்கிட்டு வந்துடாதீங்க. அது அதோட சுபாவம்.”

பிழைக்க வந்த வெளிநாட்டில் அவர்கள் சொந்த வீட்டுக்குக் குடிவந்து ஐந்து மாதம். கொல்லையில் ஒரு பட்ட மரம், பிறக்கப்போகும் குழந்தையின் அறைப் பக்கமாகக் குடிகாரன் மாதிரி சாய்ந்து நின்றது. வெட்ட அனுமதி கேட்டு நகராட்சிக்கு மனுப் போட்டு நான்கு மாதம் ஆகியும் பதில் இல்லை.

அனுமதி இல்லாமல் வெட்டினால் வழக்கு. வழக்கு என்று ஒன்று வந்தால் விசா நீட்டிப்பில் கை வைப்பார்கள். குழந்தைக்கோ இன்னும் ஐந்தே வாரம். அது எந்த மேஜையிலும் காத்துக் கிடக்காது.

“சனிக்கிழமை காலையில முடிச்சிடுவோம். யார் கேட்டாலும் காத்துல விழுந்துச்சுன்னு சொல்லிடலாம்” என்றான், வீட்டுக் கூடத்தில் மெஷினை எடுத்து வைத்து ஆயில் ஊற்றியபடி. மூடியைத் திருகவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவள் கிசுகிசுத்தாள். “என்னங்க, மஞ்சள் சட்டை, கையில ஃபைலு, அளக்குற டேப்பு. நகராட்சி!”

“நாலு மாசமா வராத மனுஷன் இன்னைக்குத்தானா வரணும்? எங்கடி ஒளிக்கிறது இதை?”

மூலையில் புதுத் தொட்டில் இருந்தது. உரிமையாளர் பிறப்பதற்கு முன்பே மெஷின் குடியேறியது. அவள் பூப்போட்ட போர்வையைப் போர்த்தி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனைக்குக் குழந்தையின் கம்பளிக் குல்லாவை மாட்டிவிட்டாள்.

வந்தவர் தூக்கம் கெட்ட முகத்தோடு இருந்த ஒரு நடுவயது அதிகாரி. நேராகக் கொல்லைக்குப் போய் மரத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். தட்டிப் பார்த்தார். அண்ணாந்து பெருமூச்சு விட்டார்.

“எங்க வீட்டிலயும் இதே மாதிரி ஒண்ணு சாஞ்சு நிக்குது.”

“அனுமதி எப்ப சார் கிடைக்கும்?”

“இன்னும் மூணு மேஜை தாண்டணும். ஆறு மாசம் ஆகும். கடவுளே மனுப் போட்டாலும் ஆறு மாசம்தான்.”

திரும்பிப் போகும் வழியில் தொட்டிலைப் பார்த்து நின்றார். அவள் சட்டென்று ஆட்ட ஆரம்பித்தாள். உள்ளே ‘டங்’ என்றது. பலமாக இருமி அதை மறைத்தான் அவன்.

“குழந்தையா?”

“ஆமா சார், இப்பத்தான் கண்ணசந்துச்சு.”

அதிகாரி தொட்டிலைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். மறுபடி தொட்டிலைப் பார்த்தார்.

“அப்ப வயித்துல?”

“அது ரெண்டாவது சார்” என்று முந்திக்கொண்டான் அவன். “இவன் மூத்தவன்.”

“எத்தனை கிலோ?”

“ஆறு.” பெட்டியில் போட்டிருந்ததை அப்படியே சொன்னான்.

“சத்தத்தையே காணோமே?”

“எழுந்தா தெரு முழுக்கக் கேக்கும் சார்” என்றாள் அவள். அதில் மட்டும் பொய் இல்லை.

அப்போது தொட்டிலுக்கு அடியில் ஒரு சொட்டு விழுந்தது. கருத்த, கொழகொழத்த சொட்டு. பின்னாலேயே இன்னொன்று.

“ஒண்ணுக்குப் போயிட்டான்” என்றாள் அவள். அந்த நிறத்தில் ஒண்ணுக்குப் போகும் பிள்ளையை எந்த டாக்டரும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்.

அதிகாரி மெல்லக் குனிந்தார். ஒரு விரலால் தொட்டார், கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். விசாவும் வீடும் ஒன்றன்பின் ஒன்றாக வாசலைத் தாண்டிப் போவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தவே இல்லை.

அவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். ஃபைலைத் திறந்து, வாய்விட்டுப் படித்தபடியே எழுதினார். “மரம் முழுதும் பட்டுவிட்டது. அடுத்த காற்றில் தானாக விழக்கூடும்.”

பேனாவை மூடினார். “காத்து எப்ப அடிக்கும்?”

அவன் மனைவியைப் பார்த்தான். “ச... சனிக்கிழமை சார்.”

அதிகாரி தலையாட்டினார். வாசல்வரை போனவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“அப்ப ஞாயித்துக்கிழமை மூத்தவனை எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க தம்பி.”