சட்டைப் பையில் ஒரு ஃபியூஸ்

"ஒன்பது பேரும் ஒரே பதிலா? யார் பேப்பரைப் பார்த்து யார் எழுதினீங்க?"

மேஜையைத் தட்டிக் கேட்டார் ஃபார்முலா சார். அந்தப் பயிற்சிக்கூடத்தில் அவருக்கு அதுதான் பெயர். வாகன விளக்குகளைப் பற்றி எதைக் கேட்டாலும் கரும்பலகையில் ஒரு ஃபார்முலா எழுதிவிடுவார். அவர் ஒரு காரின் பானெட்டைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

அன்று செய்முறைத் தேர்வு. தேர்வுக் காரில் சார் முந்தின நாளே ஒரு கோளாறு செய்து வைப்பார். தேர்வுக்கு மட்டும் வெளியிலிருந்து வரும் மாணவர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, என்ன கோளாறு என்று எழுத வேண்டும்.

எட்டுப் பேர் திட்டு வாங்கிக்கொண்டு, 'இடது பின்விளக்கில் எர்த் சரியில்லை' என்பதை அடித்துவிட்டு, சார் சொன்னபடி 'பிரேக் லைட் ஃபியூஸ் இல்லை' என்று எழுதி பாஸ் வாங்கிவிட்டார்கள். ஒன்பதாவதாக நின்ற பெண் மட்டும் பேனாவைத் தொடவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அவளுக்கு பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன் வேலைக்கு நேர்முகம். இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

"ஏம்மா, எட்டுப் பேர் ஒத்துக்கிட்டாங்க. உனக்கு மட்டும் என்ன வந்தது?"

"கண்ணால பார்த்ததை எழுதினேன் சார். பிரேக் பெடலுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்துட்டுப் பின்னால போய்ப் பார்த்தேன். வலது பக்கம் பளிச்சுன்னு எரியுது. இடது பக்கம் உயிரில்லாம மினுங்குது, கூடவே இண்டிகேட்டரும் லேசா எரியுது."

"அதனால?"

"கரண்ட் உள்ளே வருது, திரும்பிப் போக வழியில்ல. எர்த் திருகாணி துருப்பிடிச்சிருக்கு. அதான் பக்கத்து பல்பு வழியாப் புகுந்து போகப் பார்க்குது. ஒரு வயரை விளக்குக்கும் கார் பாடிக்கும் நடுவுல தொட்டு வச்சேன், பளிச்சுன்னு வந்துச்சு. எடுத்தேன், மங்கிடுச்சு."

சார் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டினார். "முந்தின தொழில், தையல். இதையெல்லாம் தையல் மெஷின்லயா கண்டுபிடிச்ச?"

வாசலில் நின்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். பாஸ் ஆனவர்களுக்குச் சிரிப்பு சீக்கிரம் வந்துவிடும்.

சார் சட்டைப் பையில் கையை விட்டு, ஒரு சின்ன ஃபியூஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நேத்து சாயங்காலம் என் கையால கழற்றினது. பிரேக் லைட் ஃபியூஸ். இது இங்க இருக்கும்போது அங்க எப்படிம்மா வலது பக்கம் பளிச்சுன்னு எரியும்?"

அவள் ஃபியூஸைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "எரியக் கூடாதுதான் சார். ஆனா எரியுதே. நீங்களே ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"இருபத்திரண்டு வருஷமாப் பாடம் நடத்துறேன். ஃபேனை விட்டுட்டு வெயில்ல வந்து உன் அதிசயத்தைப் பார்க்கணுமா? ஃபியூஸ்னு எழுது, பாஸ் போடறேன். நிம்மதியா வேலைக்குப் போய்ச் சேரு."

பேனாவை எடுத்தாள். நாளைய பத்து மணி கண்முன்னே வந்து நின்றது. அந்தத் துருப்பிடித்த திருகாணியும் கூடவே வந்து நின்றது. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எழுத மாட்டேன் சார். நாளைக்கு ஒரு பஸ் இதே மாதிரி வந்து நின்னா, ஃபியூஸை மாத்தி அனுப்பிடவா?"

"அப்போ டிப்போ வாசல்ல நின்னு இதே வாயைக் காட்டு!" சிவப்பு மையில் தாள் முழுவதும் ஒரு பெருக்கல் குறி போட்டார் சார்.

மை காய்வதற்குள் ஸ்டோர்காரர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"என்ன சார், மத்தியானம் ஆயிடுச்சு, தேர்வுக் கார் சாவியை வாங்க இன்னும் யாருமே வரலையே? ஷெட்டும் பூட்டினபடியே கிடக்கு. வெளியே இவங்க உங்க சொந்தக் காரை இல்ல பிரிச்சுப் போட்டிருக்காங்க!"